கட்டிக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பாக்குறது எப்படி? புதுசா புரோப் புடிக்கிற டாக்டர்களுக்கு

கட்டின்னு ஒரு ஆள் வந்து படுத்ததும் அதுக்குப் பேர் வைக்க அவசரப்படாதீங்க. அது தோல்லயா, தோலுக்குக் கீழ கொழுப்புலயா, இல்ல ஃபேசியாவுக்கும் (தசையை மூடியிருக்கிற ஜவ்வு) கீழ தசைக்குள்ளயா, எந்த லேயர்ல இருக்குன்னு மொதல்ல பாருங்க, பாதி வேலை அதுலயே முடிஞ்சிரும்.

புரோப்பை, அதான் ஒடம்பு மேல வைக்கிற ஸ்கேன் கருவியை, எடுக்கிறதுக்கு முன்னாடி "எங்கம்மா இருக்கு, நீங்களே தொட்டுக் காட்டுங்க"ன்னு கேளுங்க. எத்தனை நாளா இருக்கு, பெருசாகுதா, அடிபட்டுச்சா, எல்லாம் அப்பவே கேட்ருங்க. மேலூர் பக்கத்துலருந்து வர்ற அம்மா "தொடை இடுக்குல நெறி கட்டிருக்கு"ன்னா கால்ல புண்ணு இருக்கான்னும் ஒரு பார்வை பாத்துருங்க.

லீனியர் (முகம் தட்டையா இருக்கிற) புரோப் போதும், 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேல இருந்தா நல்லது, தொடையில ரொம்ப ஆழம்னா மட்டும் கர்வ்டு (முகம் வளைஞ்ச புரோப்). டெப்த்தை (எவ்வளவு ஆழம் வரைக்கும் காட்டணுங்கிற செட்டிங்) குறைச்சு கட்டி ஸ்கிரீன் நடுவுல வர்ற மாதிரி வைங்க. ஜெல்லுல கஞ்சத்தனம் வேணாம். சுண்டு விரலைத் தோல்ல ஊனிக்கிட்டு புரோப்பை ஜெல் மேல மெதக்க விடணும், ஏன்னா அமுக்குனா சின்ன ரத்தக்குழாய் எல்லாம் அடைச்சுக்கும், ரத்த ஓட்டத்தைக் கலர்ல காட்டுற டாப்ளர்ல கலரே வராது, நீங்களும் ரத்த ஓட்டம் இல்லன்னு எழுதிருவீங்க. நீளவாக்குல ஒண்ணு, குறுக்குவாக்குல ஒண்ணு, நீளம், அகலம், தடிமன்னு மூணு அளவும் எடுங்க. சந்தேகம்னா அடுத்த கையில, காலுல அதே எடத்துல வச்சுப் பாருங்க.

கொழுப்புக்கட்டின்னா தோலுக்கு இணையா படுத்திருக்கும், உள்ள மெல்லிசா வெள்ளைக் கோடு ஓடும், அமுக்குனா அமுங்கும், கலர் பெருசா இருக்காது. தோலோட ஒட்டி, ஸ்கிரீன்ல கட்டிக்குப் பின்னாடி பளிச்சுன்னு தெரிஞ்சா எபிடெர்மாய்டு சிஸ்ட் (தோல் செல் சேந்து உண்டான பை) பக்கம் யோசிங்க. மணிக்கட்டுல வச்சா ஸ்கிரீன்ல கருப்பா ஒண்ணு இருந்து மூட்டுப் பக்கமா ஒரு காம்பு போச்சுன்னா கேங்லியான் (மூட்டுப் பக்கத்துல வர்ற நீர்க்கட்டி). முழங்காலுக்குப் பின்னாடி கருப்பா எது தெரிஞ்சாலும் கலர் போடாம ஊசி குத்தி எடுக்கலாம்னு சொல்லிறாதீங்க, அது வீங்குன ரத்தக்குழாயாவும் இருக்கலாம்.

நம்ம பக்கத்துல அடிக்கடி பாக்குறது சீமைக்கருவேல முள்ளு. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் ஆடு மேய்க்கிற, வெறகு வெட்டுற ஆளுக, முள்ளு குத்துனதையே மறந்துட்டு மாசம் கழிச்சு பாதத்துல கட்டின்னு வருவாக. எக்ஸ்ரேல ஒண்ணும் இருக்காது, முள்ளு அதுல பெரும்பாலும் தெரியாது. ஸ்கேன்ல வெள்ளைக் கோடா தெரியும், சுத்தி கருப்பா ஒரு வளையம், கீழ நிழல். குறுக்க வச்சா வெறும் புள்ளிதான், அதனால புரோப்பை மெதுவா திருப்பித் திருப்பி முழு நீளத்தையும் புடிங்க. நீளம், ஆழம் ரெண்டையும் எழுதி, தோல் மேல பேனாவுல கோடு போட்டு அனுப்புங்க, சர்ஜன் தேடிக் கிழிக்க வேண்டியதில்ல.

பயப்பட வேண்டியது எதுக்குன்னா, 5 சென்டிமீட்டருக்கு மேல, ஃபேசியாவுக்குக் கீழ, வளந்துக்கிட்டே இருக்கு, உள்ள தாறுமாறா ரத்த ஓட்டம், இப்படி ஒண்ணு இருந்தாலும் சாதாக் கட்டின்னு முடிக்காதீங்க. எம்ஆர்ஐ எழுதி, சார்கோமா (தசை, கொழுப்பு மாதிரி எடத்துல வர்ற கேன்சர்) பாக்குற டீமுக்கு அனுப்புங்க, அவங்க சொல்றதுக்கு முன்னாடி யாரும் ஊசியோ கத்தியோ வைக்கக் கூடாது. அடிபட்ட கதையே இல்லாம தொடையில ரத்தக்கட்டு மாதிரி தெரிஞ்சாலும் இதே ரூட்டுதான்.