சைக்கிள் வழி வரைபடம் தயாரிப்பது எப்படி? ஓ.எம்.ஆர்.–கோவளம்–இ.சி.ஆர். சுற்றை வைத்து ஒரு செய்முறை

சென்னையை அடுத்த கேளம்பாக்கத்துக்கு வழி கேட்டால் போன் உடனே சொல்லிவிடும். ஆனால் கிளம்ப எத்தனை மணி நல்லது, எந்தப் பக்கமாகச் சுற்றினால் வலது திருப்பம் குறையும், பஞ்சரானால் காலை ஆறு மணிக்கு எங்கே போவது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. வட்டாரத்துக்கென்று தனியாக ஒரு வரைபடம் போடுவது இதற்காகத்தான். ஒரு வார இறுதியில் முடிகிற வேலை.

எடுத்துக்காட்டாக, சென்னை திருவான்மியூர் ரயில் நிலையத்தில் தொடங்கி, ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) வழியாகக் கேளம்பாக்கம், அங்கிருந்து கோவளம், பிறகு இ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாகத் திரும்பும் சுற்று. ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட வரும்.

தேவையானவை: ஜி.பி.எஸ். உள்ள போன், ஓஸ்மாண்ட் போன்ற ஆஃப்லைன் மேப் செயலி, கணினியில் பிரௌட்டர் என்ற இலவச வழித்திட்டத் தளம், ஏ4 தாள், பிளாஸ்டிக் உறை. அந்தச் செயலியும் தளமும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத் தரவில் ஓடுபவை. 2004இல் பிரிட்டனில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தம் செய்யலாம். உங்கள் தெருவில் பிழை இருந்தால் நீங்களே சரிசெய்துவிடலாம்.

படி 1: எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

பலரும் யோசிக்காமல் விடுவது இதைத்தான். நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால் பெரிய திருப்பங்கள் எல்லாம் இடப்பக்கமே வரும். ஓ.எம்.ஆரில் தெற்கே போய், கேளம்பாக்கத்தில் இடது, கோவளத்தில் மறுபடி இடது, அவ்வளவுதான். இதையே இ.சி.ஆரில் தொடங்கினால் இரண்டு இடத்திலும், வேகமாக வரும் எதிர்வண்டிகளைக் குறுக்கே கடந்து வலது திரும்ப வேண்டும்.

நேரமும் இதற்குத் துணை நிற்கும். விடியுமுன் ஓ.எம்.ஆரில் அலுவலகக் கூட்டம் இருக்காது. ஞாயிறு காலை கார்கள் கூட்டமாக இ.சி.ஆரில் தெற்கே போகும்போது நீங்கள் வடக்கே வந்துகொண்டிருப்பீர்கள்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். மார்ச் முதல் மே வரை கடலோரத்தில் தென்காற்று. வடக்கே திரும்பும்போது அது முதுகில் தள்ளும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் நிலைமை தலைகீழ்: கடைசி இருபது கிலோமீட்டர் எதிர்காற்றில்தான். அப்போதும் சுற்றும் திசையை மாற்ற வேண்டியதில்லை. அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டால் போதும்.

படி 2: கணினியில் கோடு போடுவது

பிரௌட்டரில் தார்ச்சாலைக்கான சைக்கிள் வகையைத் தேர்ந்தெடுத்து, தொடக்கம், கேளம்பாக்கம் சந்திப்பு, கோவளம் சந்திப்பு, முடிவு என நான்கு புள்ளி வையுங்கள். கிராமப்புற வகையைத் தேர்ந்தெடுத்தால் கால்வாய்க்கரை மண்பாதையில் கொண்டுபோய் விடலாம்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. மீடியன் உள்ள சாலையை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் இரண்டு தனிக் கோடுகளாக வரைந்திருப்பார்கள். புள்ளி எதிர்ப்பக்கக் கோட்டில் விழுந்துவிட்டால், மென்பொருள் உங்களை அடுத்த யூ-டர்ன் வரை கூட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவரும். மொத்த தூரம் காரணமில்லாமல் இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடியிருந்தால் இதுதான் விஷயம். நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து, புள்ளியை இடப்பக்கக் கோட்டுக்கு நகர்த்துங்கள்.

ஏற்ற இறக்கப் படத்தை நம்ப வேண்டாம். இத்தகைய தளங்கள் பலவும் 2000இல் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்த உயரத் தரவைப் பயன்படுத்துகின்றன. அதில் கட்டடமும் மரமும்கூடத் தரையின் உயரத்தில் சேர்ந்துவிடும். தட்டையான சோழிங்கநல்லூரில் மலை ஏறியது போலக் காட்டும். உண்மையில் மூச்சு வாங்க வைக்கும் பாலத்தைக் காட்டாமல் விடும். பாலங்களை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் ஜி.பி.எக்ஸ். கோப்பாக (போன் செயலியில் திறக்கக்கூடிய வழிக் கோப்பு) சேமியுங்கள். டிராக், ரூட் என்று இரண்டு வகை கேட்டால் டிராக். ரூட் என்றால் சில கருவிகள் வழியைப் புதிதாகக் கணக்கிட்டு, உங்கள் கோட்டை மாற்றிவிடும்.

படி 3: தப்பிக்கும் வழி

ஓ.எம்.ஆருக்கும் இ.சி.ஆருக்கும் நடுவே பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. பக்கத்துப் பக்கத்தில் இருப்பது போலத் தெரிந்தாலும், பாலம் உள்ள இடத்தில்தான் தாண்ட முடியும். முழங்கால் வலித்தாலோ மழை பிடித்தாலோ எங்கே குறுக்கே வரலாம் என்பது தாளில் தெரிய வேண்டும். சோழிங்கநல்லூரிலிருந்து அக்கரைக்கு வரும் கலைஞர் கருணாநிதி சாலைதான் இங்கே முக்கியமான குறுக்கு வழி. அதில் திரும்பினால் சுற்று பாதியாகக் குறைந்துவிடும். முதல் தடவை வருகிறவர்களுக்கு அதுவே போதும். அதைத் தாண்டிவிட்டால் கேளம்பாக்கம் வரை போய்த்தான் ஆக வேண்டும் என்று தாளில் எழுதியே வையுங்கள்.

படி 4: ஓட்டிப் பார்த்துக் குறிப்பெடுப்பது

மற்றவர்கள் எந்த நேரத்தில் போவார்களோ, அதே நேரத்தில் நீங்களும் ஓட்டிப் பாருங்கள். மதியம் பார்த்த சாலையும் காலை ஐந்து மணிச் சாலையும் ஒன்றல்ல. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஐந்து மணிக்குக் கிளம்பினால் கேளம்பாக்கம் வர ஆறரை ஆகும். அங்கிருந்து கோவளம் வரை நேர் கிழக்கே போகிறோம். வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். பின்னால் வரும் லாரிக்காரருக்கும் அதே கதைதான், உங்களைப் பார்க்கவே மாட்டார். பின்விளக்கை விடிந்த பிறகும் அணைக்கக் கூடாது என்று அந்தத் துண்டின் பக்கத்தில் சிவப்பில் எழுதுங்கள்.

ஓட்டிக்கொண்டே எழுத முடியாது. ஓரமாக நிறுத்தி, கிலோமீட்டரோடு சேர்த்துக் குரல் குறிப்பு பதியுங்கள். இடம் பதியும்படி கேமராவை அமைத்து ஒரு படமும் எடுத்துவிடுங்கள். எதையெல்லாம் குறிப்பது?

- மழைநீர் வடிகால் கம்பிமூடி: கம்பிகள் சக்கரத்தின் போக்கிலேயே இருந்தால் 25 மி.மீ. டயர் உள்ளே இறங்கிவிடும்.
- இ.சி.ஆரின் ஓரத்தில் காற்று கொண்டுவந்து சேர்க்கும் மணல்: திருப்பத்தில் சறுக்கும்.
- வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடைகள், மழையில் நீர் தேங்கும் இடங்கள், நாய்க் கூட்டம்.
- குடிநீர், கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்க், காலையில் திறந்திருக்கும் டீக்கடை.
- பஞ்சர் கடை. திறக்கும் நேரம், எந்த வால்வுக்குக் காற்று அடிப்பார்கள் என்ற இரண்டும் வேண்டும்.

கடைசியில் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரேஸ் சைக்கிள்களில் இருக்கும் ஒல்லியான பிரெஸ்டா வால்வில் பஞ்சர் கடைக் குழாய் நேரடியாகப் பொருந்தாது. சிறிய பித்தளை அடாப்டர் கையில் இல்லாவிட்டால், கடை எதிரில் இருந்தும் பயனில்லை.

ஓ.எம்.ஆரில் சிறுசேரி நோக்கி மெட்ரோ வேலை நடப்பதால் பாதை அவ்வப்போது இடம் மாறும். அந்தப் பகுதியைப் புள்ளிக்கோட்டில் காட்டி, பார்த்த தேதியை எழுதிவிடுங்கள்.

படி 5: தூரத்தைச் சரிபார்ப்பது

சைக்கிள் மீட்டரில் சக்கரச் சுற்றளவு தவறினால், எத்தனையாவது கிலோமீட்டரில் திரும்புவது என்ற திருப்பக் குறிப்பெல்லாம் தவறும். 700×25 டயருக்குச் சுமார் 2105 மி.மீ., 700×28க்கு 2136. பட்டியலைவிட அளப்பது நல்லது. டயரில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, மேலே உட்கார்ந்தபடி ஒரு சுற்று உருட்டி, தரையில் விழுந்த இரண்டு கோடுகளுக்கு இடையே அளந்துவிடுங்கள். நம் எடையில் டயர் அமுங்கும், அதனால் உட்கார்ந்தே அளக்க வேண்டும். 2 சதவீதம் பிசகினால் 50 கிலோமீட்டரில் முழுதாக ஒரு கிலோமீட்டர் போய்விடும்.

படி 6: தாளில் ஏற்றுவது

இந்தச் சுற்று வடக்கு தெற்காகச் சுமார் 22 கி.மீ. நீளம், அகலம் குறைவு. 1:1,00,000 அளவில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர். ஆகவே ஏ4 தாளில் நெட்டுக்குத்தாக அடங்கி, ஒரு பக்கம் நிறைய இடம் மிஞ்சும். அங்கே திருப்பக் குறிப்பை இப்படி எழுதுங்கள்: மொத்த கி.மீ. – திசை – அடையாளம். எடுத்துக்காட்டு: “22.0 – இடது – கேளம்பாக்கம் சந்திப்பு, கோவளம் பலகை”. நீங்கள் அளந்த எண்ணைப் போடுங்கள், இதை அப்படியே எடுக்க வேண்டாம்.

அடையாளத்துக்குக் கோயில், பாலம், காவல் நிலையம், உத்தண்டி சுங்கச்சாவடி போல இடம் மாறாதவை வேண்டும். கடைப் பெயர்ப்பலகைக்கு ஐந்து மணிக்கு விளக்கு எரியாது, அடுத்த வருடம் கடையே இருக்காது.

அச்சிடும்போது பிரிண்டர் அமைப்பில் “பக்கத்துக்கு ஏற்றபடி சுருக்கு” என்பதை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் அளவு தவறிவிடும். எதற்கும் ஒரு ஓரத்தில் 5 கி.மீ. அளவுக்கோடு வரைந்து வையுங்கள். நகலெடுத்துச் சுருங்கினாலும் கோடும் சேர்ந்தே சுருங்கும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள் என்று கீழே குறிப்பிடுவது அதன் உரிம நிபந்தனை. 108 என்ற எண்ணும் கிளம்பும் நேரமும் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

படி 7: புதியவரிடம் கொடுத்துப் பார்ப்பது

இந்த வழியில் ஒருமுறைகூடப் போகாத ஒருவரிடம் தாளைக் கொடுத்து முன்னே ஓட்டச் சொல்லுங்கள். பின்னால் போங்கள், வாயைத் திறக்க வேண்டாம். அவர் எங்கே நின்று போனை எடுக்கிறாரோ, அந்த இடத்தில் குறிப்பு போதவில்லை. எங்கே தயங்கி வேகம் குறைக்கிறாரோ, அங்கே குறிப்பு ஒரு 200 மீட்டர் முன்னாலேயே வந்திருக்க வேண்டும். இருட்டில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு அது முக்கால் நிமிட அவகாசம் தரும்.