பழைய தேக்குக் கதவில் பெயின்ட் உரிப்பது எப்படி: ஹீட் கன்னை முதல்முறை கையில் எடுப்பவர்களுக்கு

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலுக்கு இரட்டைக் கதவு. தாத்தா பர்மா தேக்கில் செய்ய வைத்தது. வீட்டில் கல்யாணம், காதுகுத்து என்று எது வந்தாலும் கதவுக்கு ஒரு கோட் எனாமல் ஏறிவிடும். பழசைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடித்து அடித்து, கதவில் செதுக்கியிருந்த தாமரையின் இதழெல்லாம் மூடிப்போய் வெறும் மேடாகிவிட்டது. கடல் பக்கம் என்பதால் உப்புக்காற்றில் மேல்பூச்சு வெடித்து உரிய ஆரம்பித்தது. போன வருடம் அதை நானே உரித்தேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் இப்படிப்பட்ட கதவுகளைக் கழற்றி மரக்கடைக்குப் போட்டுவிட்டு ஃப்ளஷ் டோர் மாட்டுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "பெயின்ட் எடுக்க ஆள் வரமாட்டேங்குறாங்க" என்பதுதான் பதில். ஆள் வராவிட்டாலும் பரவாயில்லை, நீங்களே செய்யலாம். அவசரப்படாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

எந்தக் கருவி

மின்சாரத்தில் சூடாகி பெயின்ட்டை இளக்கும் கைக்கருவிகளில் மூன்று வகை உண்டு. ஒன்று, தட்டையான தகட்டுக்குள் கம்பிச்சுருள் பழுக்கும் வகை. பலகை மேல் ஒட்டினாற்போல் பிடிக்க வேண்டும். சமதளத்துக்குச் சரி, பூவேலைக்கு ஆகாது. இரண்டாவது அகச்சிவப்புக் கதிர் வகை. 200-லிருந்து 300 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே பல அடுக்கை ஒன்றாகத் தளர்த்திவிடும், காற்றும் ஊதாது. மூன்றிலும் நல்லது அதுதான். ஆனால் விலை அதிகம், நம் பக்கத்துக் கடைகளில் நான் பார்த்ததில்லை. மூன்றாவது, சூட்டுக்காற்றை ஊதும் ஹீட் கன். ஹேர் டிரையரின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிராட்வே பக்கம் எந்த மின்கருவிக் கடையிலும் கிடைக்கும். இங்கே சொல்லப்போவது அதைப் பற்றித்தான்.

வாங்கும்போது சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு உள்ளதாகப் பாருங்கள். விலை குறைந்தவற்றில் இரண்டே நிலைதான் இருக்கும். ஒன்று 300, 350 டிகிரி. அடுத்தது நேராக 500, 600-க்குப் போய்விடும். நமக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கருவியோடு வரும் மூக்குகளில் விசிறி போல அகன்றது ஒன்றும், கண்ணாடியை மறைக்கும் மடிப்பு உள்ளது ஒன்றும் அவசியம்.

காரீயம்: இதைப் படிக்காமல் கருவியைத் தொடாதீர்கள்

பழைய எனாமல் பெயின்ட்டில் காரீயம் இருக்கும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறோமே, ரசம் வைக்கும் ஈயச் சொம்பு, அதெல்லாம் வெள்ளீயம். அது வேறு உலோகம். காரீயம் நஞ்சு. நிறம் பளிச்சென்று நிற்கவும் சீக்கிரம் காயவும் அதைச் சேர்த்தார்கள். மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல்களில் அதிகம். வீட்டு பெயின்ட்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2016-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது, 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எந்த அடுக்கிலும் காரீயம் இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். வாசனையில் தெரியாது, பார்த்தாலும் தெரியாது.

அது இரண்டு வழியில் உடம்புக்குள் போகும். தூளாகப் போவது ஒரு வழி, புகையாகப் போவது இன்னொன்று. காய்ந்த பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூள் பறக்கும். அளவுக்கு மீறிச் சூடாக்கினால் புகை வரும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதிப்படி, பழைய பெயின்ட் மேல் ஹீட் கன்னை 593 டிகிரிக்குக் கீழேதான் இயக்கலாம். தீச்சுவாலை வைத்து எரித்து எடுப்பதற்கு அங்கே அனுமதியே இல்லை. நம் ஊரில் முன்பு மண்ணெண்ணெய் புளோ லாம்ப் வைத்து எரிப்பார்கள், அதன் சுவாலை ஆயிரம் டிகிரியைத் தாண்டும். அப்படிச் செய்த பெயின்டர்கள் எத்தனை பேர் அந்தப் புகையைச் சுவாசித்திருப்பார்கள் என்று இப்போது நினைத்தாலும் மனசு கனக்கிறது.

நான் 450 டிகிரியைத் தாண்டுவதில்லை. பெரும்பாலான எனாமல் 350-லிருந்து 450-க்குள் இளகிவிடும்.

வேலை நடக்கும் நாளில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த வீட்டில் இருக்க வேண்டாம். அக்கா வீட்டுக்கோ பாட்டி வீட்டுக்கோ அனுப்பிவிடுங்கள். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் காரீயம் கெடுக்கும், இவ்வளவு வரை போகலாம் என்று ஒரு பத்திரமான அளவே அதற்குக் கிடையாது. துணி மாஸ்க் எதற்கும் உதவாது. மூக்கையும் வாயையும் ரப்பர் விளிம்போடு மூடும் அரைமுக மாஸ்க் வாங்கி, பி100 வடிகட்டி மாட்டிக்கொள்ளுங்கள். கை கழுவாமல் டீ, வெற்றிலை, எதுவும் வாயில் போகக்கூடாது. அன்றைக்குப் போட்ட துணியைத் தனியாகத் துவையுங்கள்.

கரன்ட் பாயின்ட்

2000 வாட்ஸ் கருவி 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்ப்ஸ் அளவுக்கு இழுக்கும். சுவரில் ஃபேனுக்கும் போன் சார்ஜருக்கும் இருக்கும் 5 ஆம்ப்ஸ் பாயின்ட் தாங்காது. முதல் நாள் வாசல் திண்ணைக்குப் பக்கத்தில் இருந்த அப்படி ஒரு பாயின்ட்டில் அடாப்டர் வைத்துச் சொருகினேன். இருபது நிமிடத்தில் சுவிட்ச் இளகி, பேக்கலைட் கருகும் வாடை வீடெங்கும் வந்தது. மெயினை அணைத்தோம், நல்லவேளை அதோடு போயிற்று. ஏசிக்கோ கீசருக்கோ போட்ட 15 ஆம்ப்ஸ் பாயின்ட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

எக்ஸ்டென்ஷன் தேவைப்பட்டால் 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயரில் எலக்ட்ரீஷியனிடம் சொல்லிச் செய்து வாங்குங்கள். சுற்றி வைத்த ஒயரை முழுவதும் பிரித்துத் தரையில் போட்டுவிட்டு ஓட்டுங்கள். சுற்றியபடியே ஓட்டினால் சூடு உள்ளேயே தங்கி ஒயரின் மேலுறை உருகும். ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு யூனிட்.

இடத்தைத் தயார் செய்வது

முடிந்தால் கதவைக் கீலோடு கழற்றி, மொட்டைமாடியிலோ முற்றத்திலோ இரண்டு முக்காலி மேல் படுக்க வையுங்கள். தாழ்ப்பாள், கொண்டி, பித்தளைக் குமிழ் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். திருகாணியின் தலைப்பள்ளத்தில் பெயின்ட் அடைத்திருக்கும், அதைக் குத்தி எடுத்த பிறகு ஸ்க்ரூ டிரைவர் போடுங்கள். இல்லையென்றால் தலை மழுங்கும்.

கீழே கனமான பிளாஸ்டிக் விரிப்பு. அதன் மேல், வேலை நடக்கும் இடத்துக்கு நேர் கீழே ஒரு பழைய தகரத் தட்டு, சூடான பெயின்ட் விழுவதற்கு. நியூஸ்பேப்பர் வேண்டாம், பற்றிக்கொள்ளும். ஒரு வாளித் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தின்னர், டர்பன்டைன் டப்பாக்கள் அந்தப் பக்கமே வேண்டாம். நைலான் சட்டை போடாதீர்கள், பருத்தி போதும். கைக்குத் தோல் கையுறை.

சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ அடித்த சுவருக்கு இந்தக் கருவி பயன்படாது. சுண்ணாம்பு சூட்டில் இளகாது, தண்ணீர் தெளித்துச் சுரண்டுவதுதான் வழி. ஜன்னல் கம்பிக்கும் கேட்டுக்கும் நான் இதைப் பயன்படுத்துவதில்லை, இரும்பு சூட்டை வாங்கிக்கொண்டு ஓடிவிடும்.

உரிப்பது

இதைப் படித்துக் கற்பது பாதிதான், மீதியைக் கைதான் கற்றுக்கொள்ள வேண்டும். கண்ணில் படாத ஓர் ஓரத்தில் ஆரம்பியுங்கள். கதவின் அடிக்கட்டை நல்ல இடம்.

திருகை 350-ல் வையுங்கள். மூக்கைப் பலகையிலிருந்து நான்கு விரல்கடை தள்ளிப் பிடித்து, சற்றே சாய்த்து, உள்ளங்கை அகலத்துக்கு மெல்ல அசைத்துக்கொண்டே இருங்கள். ஒரே இடத்தில் நிறுத்தக்கூடாது. அரை நிமிடத்துக்குள் பளபளப்பு மங்கும். பிறகு மேல்தோல் சுருங்கும், அப்பளம் எண்ணெயில் விழுந்ததும் எழும்புமே, அதுபோல் கொப்புளம் கிளம்பும். அதுதான் நேரம். மற்ற கையால் ஸ்க்ராப்பரைக் கொப்புளத்தின் அடியில் கொடுத்து, மரத்தின் ரேகை வாக்கில் ஒரே இழுப்பாகத் தள்ளுங்கள். நாடா போலச் சுருண்டு வரும். நான்கைந்து அடுக்கு ஒன்றாக வந்தால் சூடு சரியாக இருக்கிறது. மேலடுக்கு மட்டும் வழவழவென்று ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் கொஞ்சம் காட்டுங்கள், அல்லது 50 டிகிரி ஏற்றுங்கள்.

எங்கள் தெருவில் முப்பது வருடம் பெயின்ட் வேலை செய்த அண்ணன் ஒருவர் அன்றைக்கு வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொங்கினா போதும் கண்ணு. புகைய வுட்டுட்டு அப்புறம் சொரண்டாத. சூடு முன்னாடி போவணும், கை அது பின்னாடியே வரணும்."

புதிதாகச் செய்பவர்கள் செய்யும் தவறு இதுதான். பெயின்ட் இளகிய பிறகும் சூட்டை எடுப்பதில்லை. இளகிய பெயின்ட் இன்னும் சூடானால் குழம்பாகி மரத்தின் ரேகைக்குள் இறங்கிவிடும், பிறகு எடுப்பது பெரும்பாடு. புகை எழும்பினாலோ பழுப்பேறினாலோ கருவியை விலக்குங்கள். உரித்த வெற்று மரத்தின் மேல் மறுபடி சூடு படக்கூடாது, தேக்கு சட்டென்று கறுத்துவிடும். என் கதவின் இடப்பக்க மேல்சட்டத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம் இருக்கிறது. உப்புத்தாள் எவ்வளவு போட்டும் போகவில்லை.

கதவு நிற்கும் நிலையிலேயே செய்வதானால் கீழிருந்து மேலே போங்கள். சூட்டுக்காற்று மேலே ஏறி அடுத்த பகுதியை முன்கூட்டியே இளக்கி வைக்கும். பூவேலையை முதலில் முடித்துவிட்டுச் சமதளத்துக்கு வாருங்கள். சமதளத்தை முதலில் உரித்துவிட்டால், பள்ளங்களுக்குச் சூடு காட்டும்போது பக்கத்து வெற்று மரம் கருகும். பள்ளத்துக்கு முக்கோண முனைச் சுரண்டி சரியாக வரும். இதழ் இடுக்குகளுக்கு நான் மூங்கில் குச்சியைச் சீவி வைத்துக்கொண்டேன், இரும்பு போல அது மரத்தைக் கீறாது. ஒரு தாமரைக்கு இரண்டரை மணி நேரம். எட்டாவது இதழின் நரம்பு வெளியே வந்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் அதைப் பார்த்ததே இல்லையாம்.

கண்ணாடி பதித்த கதவென்றால், கண்ணாடியை மறைக்கும் மூக்கைப் போடுங்கள். அப்படியும் ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் விரிசல் விடும். அந்த விளிம்பைச் சூடில்லாமல் கையால் சுரண்டுவதே மேல்.

கதவு மாட்டும் நிலைச்சட்டத்தில் வேலை செய்யும்போது கூடுதல் கவனம் வேண்டும். நிலைக்கும் சுவருக்கும் நடுவே சந்து இருக்கும். உள்ளே கரையான் தின்ற தூள், தும்பு, குருவி கொண்டுவந்து வைத்த வைக்கோல் எல்லாம் கிடக்கும். சூட்டுக்காற்று உள்ளே புகுந்தால் வெளியில் தெரியாமல் கனன்றுகொண்டிருந்து, பல மணி நேரம் கழித்துக்கூடப் பற்றும். அந்தச் சந்துகளை ஈரத்துணியால் அடையுங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் நிலையில் கை வைக்காதீர்கள். முடித்த பின் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்து, தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள்.

நிறுத்தும்போது சுவிட்சைச் சட்டென்று அணைக்காமல், சூட்டைக் குறைத்து இரண்டு நிமிடம் ஓட விடுங்கள். பிறகு மூக்கு மேல்நோக்கி இருக்கும்படி நிமிர்த்தி வையுங்கள். மூக்கு ஆற இன்னும் நேரமாகும்.

சுத்தம்

தட்டில் விழுந்த பெயின்ட் நாடாக்கள் நன்றாக ஆறட்டும். பிறகு இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டுங்கள். கொல்லையில் கொட்டுவதும் எரிப்பதும் கூடவே கூடாது. குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளரிடம் இது விஷமுள்ள பெயின்ட் என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். வெறுங்கையால் பிரிப்பவர்கள் அவர்கள்தான். தரையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூள் கிளம்பும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நல்ல தண்ணீரில் இன்னொரு முறை துடையுங்கள்.

மரத்தில் மிச்சம் இருக்கும் திட்டுகளை ஈரம் தொட்ட 120 நம்பர் வாட்டர் பேப்பரால் தேயுங்கள். அந்தச் சேற்றையும் துணியில் எடுத்துப் பையில் போடுங்கள். ஒரு நாள் நிழலில் காயவிட்டு, உடனே வார்னிஷோ வுட் பிரைமரோ முதல் கோட் கொடுத்துவிடுங்கள். காசிமேட்டுக் காற்று வீசும் தெருவில் வெற்று மரத்தை ஒரு வாரம் விட்டால் ஈரம் குடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம். தைக்குப் பிறகு பாருங்கள்.

கதவைத் திரும்ப மாட்டியதும் கொண்டி பொருந்தாமல் போகலாம். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. இத்தனை வருடப் பெயின்ட்டின் தடிமன் போய்விட்டதால் இரண்டு கதவுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது, தாழ்ப்பாள் துளைக்கு எட்டவில்லை. ஆசாரி வந்து கீலுக்கு அடியில் ஒரு மெல்லிய தேக்குச் சில்லு வைத்துச் சரிசெய்தார். பத்து நிமிட வேலை. கீலைக் கழற்றும்போதே எந்தக் கீல் எந்த இடம் என்று பென்சிலால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அவருக்குச் சுலபமாக இருக்கும்.