ஆட்டிசம் வாய்ப்பு கூடுதலாக உள்ள கைக்குழந்தைகள்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கும் வீட்டில் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கும் அது இருப்பதற்கான வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிடக் கூடுதல். அத்தகைய தம்பி தங்கைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே பின்தொடர்ந்த பன்னாட்டு ஆய்வுக் குழு 2024-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, அவர்களில் 20.2 விழுக்காட்டினருக்கு மூன்று வயதில் ஆட்டிசம் உறுதியானது. ஆண் குழந்தைகளில் இது ஏறத்தாழ 25 விழுக்காடு. பெண் குழந்தைகளில் 13. மிகவும் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் வாய்ப்பு சற்றுக் கூடுதல்தான். நோயறிதல் எதுவும் வருவதற்கு முன்பே பெற்றோர் வழியாக இக்குழந்தைகளுக்குத் துணைசெய்யும் முறைகள் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் சோதிக்கப்பட்டுள்ளன. இவற்றைக் கேள்விப்பட்டு நல்ல எண்ணத்தோடு தொடங்கும் பெற்றோர்கூட இடறுவதற்குக் காரணம், குழந்தையைத் திருத்தும் வேலையாக இதை எடுத்துக்கொள்வதுதான். உண்மையில் இம்முறைகள் மாற்ற முயல்வது பெரியவர்களை: குழந்தையை அவர்கள் கவனிக்கும் விதத்தையும், அதற்குப் பதில் கொடுக்கும் விதத்தையும்.

ஆகவே முதலில் சொல்ல வேண்டிய தவறு, பெற்றோர் ஆசிரியராகிவிடுவது. பத்து மாதக் குழந்தை எவர்சில்வர் டம்ளரை ஸ்பூனால் தட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரே அமர்ந்திருக்கும் அம்மா, "இது என்ன? டம்ளர். எங்கே, டம்ளர் சொல்லு. அம்மாவைப் பாரு, இங்கே பாரு" என்று ஒரே மூச்சில் கேட்டு முடிக்கிறார்; பதில் வராததால் டம்ளரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுப் படப் புத்தகத்தை விரிக்கிறார். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இந்த அரை நிமிடத்தில் ஒரு கேள்வியும் மூன்று கட்டளைகளும் வந்துவிட்டன. குழந்தை தானாகத் தேர்ந்தெடுத்த ஒரே விஷயம் அதன் கையிலிருந்து போய்விட்டது. அதே இடத்தில் அம்மா தானும் ஒரு ஸ்பூனை எடுத்து, குழந்தை தட்டியதைப் போலவே இரண்டு முறை தட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால், குழந்தை கையை நிறுத்திவிட்டு அந்த ஸ்பூனையோ அம்மாவின் முகத்தையோ ஒரு கணம் பார்க்கக்கூடும். அந்த ஒரு கணம் கிடைத்தபிறகு "டம்ளர், டங் டங்" என்று இரண்டே சொற்கள் சொன்னால் போதும். குழந்தையின் கவனம் எங்கே இருக்கிறதோ அங்கே பெரியவர் போய்ச் சேர்வதும், அதன்பின் காத்திருப்பதும்தான் இம்முறைகளின் அடிப்படை. காத்திருப்பது பெரியவர்களுக்கு எவ்வளவு கடினம் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். பத்து விநாடி மௌனம் நம் வீடுகளில் யாருக்கும் பழக்கமில்லை.

கண்ணைப் பார்க்க வைக்கும் முயற்சியும் இதே வகைதான். மோவாயைப் பிடித்துத் திருப்புவது, பார்த்தால்தான் பொம்மை என்று பிடித்து வைத்துக்கொள்வது போன்றவற்றால் குழந்தைக்கு முகங்கள் தொல்லையாகிப்போகின்றன. நண்டூறுது நரியூறுது விளையாட்டில் விரல்கள் அக்குளுக்கு அருகே வந்ததும் ஒரு நொடி நிறுத்தினால், அடுத்து வரப்போவதை எதிர்பார்த்துக் குழந்தை தானாகவே முகத்தைப் பார்க்கும். பார்க்காமல் காலை உதைத்தால், அதையும் "இன்னும் வேண்டும்" என்ற பதிலாகவே எடுத்துக்கொள்ளலாம். சில குழந்தைகளுக்குக் கிச்சுக்கிச்சு பிடிக்காது. அவர்களுக்குத் துணியால் முகத்தை மூடித் திறப்பதே போதும்.

காணொளி எடுப்பதில் நேரும் தவறு வேறு விதமானது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோனதன் கிரீன் குழுவினர் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் தம்பி தங்கைகளான 54 குழந்தைகளிடம் சோதித்து 2015-இல் வெளியிட்ட முறையில், பயிற்சியாளர் வீட்டுக்கு வந்து தாயோ தந்தையோ குழந்தையோடு வழக்கம்போல் விளையாடுவதைச் சில நிமிடங்கள் படம்பிடித்து, அடுத்த சந்திப்பில் அதையே பெற்றோரோடு சேர்ந்து நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார். இதைக் கேள்விப்பட்ட பலர், குழந்தை கூப்பிட்டால் திரும்பாததையும் கையை உதறுவதையும் மணிக்கணக்கில் கைப்பேசியில் பதிவுசெய்து உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். குறைகளுக்குச் சாட்சியம் சேர்ப்பதால் யாருக்கும் எதுவும் பிடிபடுவதில்லை. மருத்துவரிடம் காட்டுவதற்கு ஒன்றிரண்டு பதிவுகள் உதவும். மற்றபடி அந்தக் காணொளியில் தேட வேண்டியது, குழந்தை ஏதாவது ஒரு விதத்தில் நமக்கு எதையோ தெரிவித்த கணத்தையும், அதற்கடுத்த நொடியில் நாம் என்ன செய்தோம் என்பதையும்தான். நேரில் தவறவிட்ட ஓரப்பார்வை திரையில் பளிச்சென்று தெரியும்.

ஆய்வு முடிவுகளைப் படிப்பதிலும் இடறல் உண்டு. ஆய்வாளர் ஆண்ட்ரூ வைட்ஹவுஸ் தலைமையில் ஆஸ்திரேலியாவின் பெர்த், மெல்பர்ன் நகரங்களில் நடந்த சோதனையில், ஆட்டிசத்தின் தொடக்க அறிகுறிகளைக் காட்டிய, ஒரு வயதை ஒட்டிய 103 குழந்தைகள் இடம்பெற்றனர். ஒரு பிரிவினருக்கு ஐந்து மாதங்களில் 10 சந்திப்புகள் மூலம் மேற்சொன்ன காணொளி முறை வழங்கப்பட்டது. மறு பிரிவினருக்கு வழக்கமான சேவைகள் தொடர்ந்தன. மூன்று வயதில் முதல் பிரிவில் 6.7 விழுக்காட்டினரும், இரண்டாவது பிரிவில் 20.5 விழுக்காட்டினரும் ஆட்டிசத்துக்கான நோயறிதல் வரையறைக்குள் வந்தனர் என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. இதை "ஆட்டிசத்தைத் தடுத்துவிடலாம்" என்று படிப்பது தவறு. வரையறைக்கு வெளியே நின்ற குழந்தைகளில் பலருக்கும் வளர்ச்சியில் வேறுபாடுகள் இருந்தன; இதே நோக்கத்தோடு வேறு இடத்தில் நடந்த ஒரு சோதனையில் பெற்றோரின் பதில் கொடுக்கும் முறை மாறியும் குழந்தைகளின் அளவீடுகளில் நேரடி வேறுபாடு தெளிவாகத் தெரியவில்லை. என் மதிப்பில், ஆட்டிசம் வந்தாலும் வராவிட்டாலும் குழந்தைக்கும் பெற்றோருக்கும் இடையிலான பரிமாற்றம் எளிதாவதே இதைச் செய்வதற்குப் போதிய காரணம். பின்னாளில் நோயறிதல் உறுதியானால், தாய் சரியாகச் செய்யாததால்தான் என்று யாரும் விரல் நீட்ட இதில் இடமில்லை. பாசமற்ற தாய்மார்களால் ஆட்டிசம் வருகிறது என்று அரை நூற்றாண்டுக்கு முன் நிபுணர்களே சொல்லித் திரிந்து, பின்னர் அந்தக் கருத்து முற்றிலும் கைவிடப்பட்டது. வேறு உருவில் அது வீட்டுக்குள் திரும்பிவர விடக்கூடாது.

"ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும், அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்" என்று பாட்டி சொல்வதைக் கேட்டுக் காத்திருப்பது எல்லோருக்கும் தெரிந்த தவறு. அவ்வளவாகப் பேசப்படாதது, செவித்திறன் சோதனையைத் தவிர்ப்பது. கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்குக் காது கேட்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். பிறந்தபோது எடுத்த சோதனை சரியாக இருந்தாலும், ஐயம் வந்தால், ஒலிக்குச் செவி நரம்பும் மூளையும் காட்டும் எதிர்வினையை அளக்கும் பெரா (BERA) சோதனையை மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம். அரசு மருத்துவமனைகளில் இயங்கும் டி.இ.ஐ.சி. எனப்படும் ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களிலும், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனத்திலும் குழந்தையின் வளர்ச்சியை மதிப்பிட வசதி உண்டு. பெருநகரத்து நிபுணர் கிடைத்தால்தான் தொடங்க முடியும் என்று நினைக்கவும் வேண்டாம்: கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 2 முதல் 9 வயது வரையிலான ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோருக்குச் சிறப்புப் பட்டம் பெறாத, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களே இத்தகைய வழிகாட்டலை வழங்க முடியும் என்று 2016-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

வீட்டு மொழியைக் கைவிடச் சொல்லும் அறிவுரை இன்னும் பல இடங்களில் கிடைக்கிறது. பள்ளிக்கு ஆங்கிலம் வேண்டும் என்பதற்காகத் தாயும் தந்தையும் தங்களுக்குச் சரளமாக வராத மொழியில் பேசத் தொடங்கினால், கொஞ்சலும் பாட்டும் ஏற்ற இறக்கமும் வீட்டிலிருந்து மறைந்துவிடுகின்றன. இரு மொழிச் சூழலில் வளரும் ஆட்டிசக் குழந்தைகளுக்கு அதனால் கூடுதல் தாமதம் ஏற்படுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பேச்சு வரட்டும் என்று கைப்பேசியில் குழந்தைப் பாடல்களை ஓடவிடுவதும் வேண்டாம். இரண்டு வயதுக்குள் உறவினரோடு எப்போதாவது பேசும் வீடியோ அழைப்பைத் தவிர வேறு திரை கூடாது என்பது இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 2021-இல் தந்த பரிந்துரை.

விலை உயர்ந்த குறுக்குவழிகளைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்று பணம் வாங்குவதற்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளில் இடமில்லை. உடலிலிருந்து உலோகங்களை வெளியேற்றுவதாகச் சொல்லும் கீலேஷன் உயிருக்கே ஆபத்தானது. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்புண்டு என்ற 1998 கட்டுரையை அதை வெளியிட்ட இதழே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது. ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசியைத் தள்ளிப்போடக் காரணமே இல்லை.

முதல் பிறந்தநாளில் குழந்தை கைகாட்டி டாட்டா சொல்லிவிட்டதென்று கண்காணிப்பை நிறுத்திவிடுவதும் நடக்கிறது. கிடைத்த சொற்களை இரண்டாம் ஆண்டில் இழக்கும் குழந்தைகள் உண்டு. எம்-சாட் என்ற பெற்றோர் வினாப்பட்டியல் 16 முதல் 30 மாதங்கள் வரையிலான வயதுக்கென்றே உருவாக்கப்பட்டது. பத்து மாதக் குழந்தைக்கு அதை இணையத்தில் நிரப்பிப் பார்த்து நிம்மதியடையவோ பதறவோ முடியாது. 18-ஆம் மாதத்திலும் 24-ஆம் மாதத்திலும் முறையான பரிசோதனைக்கு மறுபடியும் அழைத்துச்செல்ல வேண்டும். இடையில் ஏதேனும் ஒரு திறன் மறைந்ததாகத் தோன்றினால் அந்தத் தேதிகள் வரும்வரை காத்திருக்கக் கூடாது.