காலரா முகாமில் வெளிநாட்டு நர்ஸின் வேலை: ஹைட்டியை முன்வைத்து ஒரு கையேடு

வெளிநாட்டு மருத்துவக் குழுவோடு நர்ஸாகப் போகிறவர்களில் பலர், டிரிப் போட அங்கே கை போதவில்லை என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள். டிரிப் போடத் தெரிந்த கைகள் அந்த நாட்டிலேயே இருக்கும். திடீரென்று நூறு நோயாளி வந்து விழும்போது குலைவது ஷிஃப்ட் ஒழுங்கு, கேஸ் ஷீட், குளோரின் அளவு, ஸ்டோர் கணக்கு ஆகியவைதான். அவற்றை உள்ளூர் நர்ஸ்கள் கையில் ஓட வைத்துவிட்டு வருவதே போகிறவரின் வேலை. இந்தக் கையேடு ஹைட்டியின் காலரா முகாம்களை வைத்து எழுதப்பட்டது.

ஹைட்டியில் 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்தில் தலைநகரிலிருந்த தேசிய நர்ஸிங் பள்ளி இடிந்து மாணவிகள் பலர் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஆர்ட்டிபோனீட் ஆற்றோரம் காலரா வெடித்தது. அங்கே பணியிலிருந்த நர்ஸ்கள் அதுவரை ஒரு காலரா நோயாளியைக்கூடப் பார்த்திருக்கவில்லை. 2019 தொடக்கம் வரை 8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் வந்தது, ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். நோய் வந்த வழியை எல்லா உதவிக் குழுக்களும் தெரிந்துகொள்ள வேண்டும். ஐ.நா. அமைதிப்படை முகாம் ஒன்றின் கழிவு ஆற்றில் கலந்ததே மூலம் என்று ஆய்வுகள் காட்டின. 2016-இல் ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கீ மூன் மன்னிப்புக் கேட்டார். ஆகவே போய் இறங்கியதும் உங்கள் குழு தங்கும் இடத்தின் கழிப்பறைக் குழி எங்கே வடிகிறது என்று பாருங்கள். நோயாளிகளைப் பார்ப்பது அதற்குப் பிறகு.

புறப்படும் முன் முடிக்க வேண்டியவை அதிகமில்லை. நர்ஸிங் கவுன்சில் பதிவின் நகல், குட் ஸ்டாண்டிங் சான்றிதழ் (உங்கள்மேல் ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்று கவுன்சில் தருவது), வாய்வழி காலரா தடுப்பு மருந்து இரண்டு டோஸ் (இடையே குறைந்தது இரண்டு வாரம் விட வேண்டும் என்பதால் கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள்). ஹைட்டி மக்கள் வீட்டில் பேசுவது கிரியோல். பிரெஞ்சு கற்றுக்கொண்டு போனால் டாக்டரோடு பேசலாம், பாட்டியோடு பேச முடியாது. தண்ணீர், தாகம், வாந்தி, சிறுநீர், "எத்தனை தடவை போனது?" என்று இருபது முப்பது சொற்களாவது கிரியோலில் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

முதல் இரண்டு நாள்

உள்ளூர் தலைமை நர்ஸோடு உட்கார்ந்து மூன்று தாள்களைப் பாருங்கள்: அந்நாட்டுச் சுகாதார அமைச்சின் சிகிச்சை நெறிமுறை, டியூட்டி ரோஸ்டர், ஸ்டாக் கார்டு (ஸ்டோரில் சரக்கு வரவு செலவு எழுதும் அட்டை). உங்கள் நிறுவனத்தின் நெறிமுறை அமைச்சுடையதோடு ஒத்துப்போகாவிட்டால், அமைச்சுடையதையே சுவரில் ஒட்டுங்கள். பக்கத்துப் பக்கத்துக் கூடாரங்களில் மூன்று நாட்டுக் குழுக்கள் மூன்று விதமாக மருந்து கொடுத்தால், பகலில் ஒன்றிலும் இரவில் இன்னொன்றிலும் வேலை பார்க்கும் உள்ளூர் நர்ஸ் தவறு செய்வார். அந்தத் தவறுக்கு அவர் பொறுப்பில்லை.

சம்பளத்தையும் அப்போதே கேளுங்கள். மாவட்ட ஆஸ்பத்திரியைவிட முகாமில் பல மடங்கு கொடுத்தால், பிரசவ வார்டிலிருக்கும் நர்ஸெல்லாம் இங்கே வந்துவிடுவார்கள். காலராவில் காப்பாற்றிய கணக்கு அங்கே பிரசவத்தில் போய்விடும். ஹைட்டியில் கியூபா மருத்துவக் குழு 1998 முதல் மாவட்டங்களிலேயே தங்கி வேலை செய்துவந்ததால், காலரா வந்த வாரத்தில் அவர்கள் புதிதாக ஆள் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு வரும் குழுவுக்கு அந்த வசதி கிடையாது.

இட அமைப்புக்கு ஒரே விதி: உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி. வாசலில் நோயாளியைத் தரம் பிரிக்கும் இடம், அடுத்து தீவிரப் பிரிவு, பிறகு தேறுகிறவர்கள் பிரிவு. ஸ்டோர், சமையல், ஊழியர் ஓய்விடம் தனிப் பக்கம். கட்டில் நடுவே ஓட்டை, கீழே ஒரு பக்கெட், தலைமாட்டில் வாந்திக்கு இன்னொன்று. மலப் பக்கெட்டின் உட்புறம் லிட்டருக்கு ஒரு கோடு பெயின்டால் போட்டு வையுங்கள். பிறகு திரவம் கணக்கிட அதுதான் அளவுகோல். தண்ணீர் நோயாளிக்கு நாளொன்றுக்கு 60 லிட்டர், உடனிருப்பவருக்கு 15 லிட்டர். இந்த அளவு வராவிட்டால் கட்டில் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். வேறு இடத்தில் இன்னொரு சிறு முகாம் திறப்பது மேல்.

திரவக் கணக்கு: சொல்லிக்கொடுக்க வேண்டிய முதல் பாடம்

சிகிச்சையில்லாமல் விட்டால் தீவிரக் காலராவில் பாதிப் பேர் வரை இறக்கலாம். சரியாகத் திரவம் ஏற்றினால் இறப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே வரும். அந்த வித்தியாசம் முழுக்க முதல் மூன்று மணி நேரத்தில் நர்ஸ் செய்வதில் இருக்கிறது.

வாசலில் பார்க்க வேண்டியது: மயக்கம் அல்லது சோர்ந்து கிடத்தல், மணிக்கட்டு நாடி கிடைக்காமை அல்லது மிக மெலிவு, மூச்சுத்திணறல். இவற்றில் ஒன்றிருந்தாலே தீவிரம். குழி விழுந்த கண், குடிக்க முடியாமை, கிள்ளிய தோல் இரண்டு நொடிக்கு மேல் மடிந்தே நிற்பது, இவற்றில் இரண்டு இருந்தாலும் தீவிரம்தான். வயதானவர்களுக்கும் மெலிந்த குழந்தைகளுக்கும் தோல் எப்போதும் மெதுவாகத்தான் திரும்பும். அவர்களிடம் நாடியை நம்புங்கள்.

தீவிரமானால் ரிங்கர் லாக்டேட் (உப்புகள் கலந்த டிரிப் திரவம்), உடல் எடையில் கிலோவுக்கு 100 மி.லி. ஒரு வயதுக்கு மேற்பட்டவருக்கு முதல் 30 மி.லி.யை அரை மணியில், மீதி 70 மி.லி.யை இரண்டரை மணியில். ஒரு வயதுக்குக் கீழே அதே அளவு, ஆனால் 30-ஐ ஒரு மணியில், 70-ஐ ஐந்து மணியில். 50 கிலோ பெரியவருக்கு முதல் அரை மணியில் ஒன்றரை லிட்டர், அடுத்த இரண்டரை மணியில் மூன்றரை லிட்டர்.

சொட்டு எண்ணிப் பழகிய நர்ஸ்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அரை மணியில் ஒன்றரை லிட்டர் என்றால் 20 சொட்டு செட்டில் (20 சொட்டு ஒரு மி.லி.) நிமிடத்துக்கு 1000 சொட்டு. யாராலும் எண்ண முடியாது. கிளாம்ப்பை முழுக்கத் திறந்துவிட்டு, சொட்டுக்குப் பதில் பாட்டிலை எண்ணச் சொல்லுங்கள்: முதல் லிட்டர் 20 நிமிடம், அதன் பின் அரை லிட்டர் 10 நிமிடம், பிறகு லிட்டருக்குச் சுமார் 43 நிமிடம். பாட்டிலில் பிளாஸ்திரி ஒட்டி, மாற்ற வேண்டிய மணியை எழுதிவிட்டால் படிப்பறிவுள்ள உதவியாளரே பார்த்துக்கொள்வார். கான்யூலா (நரம்பில் செருகும் குழாய்) 16 அல்லது 18 எண், முழங்கை மடிப்பில். எண் கூடினால் குழாய் மெலியும். ஒன்றில் ஓட்டம் போதாவிட்டால் மறுகையிலும் ஒன்று. புறங்கையில் 22 போட்டுவிட்டு "டிரிப் போயிட்டிருக்கு" என்று நிம்மதியாக இருப்பதுதான் அடிக்கடி நடக்கும் ஆபத்து. போய்க்கொண்டுதான் இருக்கும், நோயாளிக்குப் போதுமான வேகத்தில் போகாது.

அரை மணி முடிந்தும் நாடி மெலிந்தே இருந்தால் அந்த முதல் 30 மி.லி.யை மறுபடி கொடுங்கள். நாடி பலப்படும்வரை 15 நிமிடத்துக்கொரு தடவை, பிறகு மணிக்கொரு தடவை பாருங்கள்.

குழந்தைகளிடம் ஆபத்து எதிர்ப்பக்கம். 10 கிலோ குழந்தைக்கு அரை மணியில் 300 மி.லி., பிறகு 700. ஒரு லிட்டர் பாட்டிலைத் தொங்கவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனால் மொத்தமும் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். 500 மி.லி. பாட்டில் மாட்டுங்கள், நிறுத்த வேண்டிய இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். இமை உப்புவது, புதிதாக இருமல், மூச்சு வேகம் கூடுவது தெரிந்தால் உடனே வேகத்தைக் குறையுங்கள்.

ரிங்கர் லாக்டேட் இல்லையென்றால் நார்மல் சலைன் போடலாம், கூடவே ஓ.ஆர்.எஸ். (குடிக்கக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) சீக்கிரம் தொடங்க வேண்டும். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் டிரிப்) வேண்டவே வேண்டாம். அதில் உப்பு கிடையாது. நன்கொடைப் பெட்டிகளில் அது நிறைய வரும். ஸ்டோரிலேயே தனியாகப் பிரித்து வைக்காவிட்டால் இரவில் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.

ஓரளவு வறட்சிக்கு (உடலில் நீர் வற்றியிருந்தும் தீவிரமாகாத நிலை) ஓ.ஆர்.எஸ். கிலோவுக்கு 75 மி.லி., நான்கு மணி நேரத்தில். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக மறுபடி. பாக்கெட்டில் 20.5 கிராம் என்றிருந்தால் அது ஒரு லிட்டருக்கு. சில நாட்டு நன்கொடைகளில் 200 மி.லி.க்கான சிறு பாக்கெட்டும் கலந்து வரும், ஆகவே அட்டைப்பெட்டியைத் திறக்கும்போதே பிரித்துவிடுங்கள். கலக்கியதை 24 மணிக்கு மேல் வைக்காதீர்கள். கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைகளுக்கென்று இருக்கும் ரீசோமால் காலராவுக்கு உதவாது. அதில் சோடியம் குறைவு, சாதாரண ஓ.ஆர்.எஸ்.ஸே கொடுக்க வேண்டும். ஊட்டச்சத்து முகாமில் வேலை பார்த்துவிட்டு வந்த நர்ஸ்கள் பழக்கத்தில் ரீசோமாலை எடுப்பார்கள்.

மருந்து இரண்டாம் பட்சம். தீவிர நோயாளி பெரியவரானால் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 300 மி.கி. ஒரே டோஸ், வாந்தி அடங்கிய பிறகு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை ஜிங்க் தினம் 20 மி.கி. பத்து நாள். பேதியை நிறுத்தும் மாத்திரைகளைக் கண்ணில் காட்டாதீர்கள். உடனிருப்பவர் கெஞ்சினாலும் சரி.

குளோரின்

மூன்று பலம், மூன்று நிற டிரம். 70 சதவீத குளோரின் தூளில் 20 லிட்டர் தண்ணீருக்கு: கை கழுவவும் பாத்திரத்துக்கும் 0.05 சதவீதம், 15 கிராம். தரை, கட்டிலுக்கு 0.2 சதவீதம், 60 கிராம். மலம், வாந்தி, சடலத்துக்கு 2 சதவீதம், 600 கிராம். நம் ஊர் ப்ளீச்சிங் பவுடர் மாதிரி 30–35 சதவீதம் உள்ள தூள் வந்தால் அளவு இரு மடங்கு. இந்த மாற்றத்தைக் கவனிக்காமல் பழைய அளவிலேயே கலக்குவது எங்கும் நடக்கும், தூள் மாறிய அன்று டிரம் மேலுள்ள எழுத்தையும் மாற்றுங்கள். எடை போடும் தராசு பழுதானால் வேலை நிற்கக் கூடாது. ஒரு குறிப்பிட்ட டப்பாவுக்கு எத்தனை கிராம் என்று முன்பே எடைபோட்டு, மூடியில் எழுதி வையுங்கள். தகர டிரம் வேண்டாம், அரித்துவிடும். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும்.

காலி பக்கெட்டில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு 2 சதவீதக் கரைசல் ஊற்றியே கட்டிலுக்கடியில் வைக்க வேண்டும். ஆட்கள்மேல் குளோரின் தெளிக்காதீர்கள். பயன் இல்லை, கண்ணும் மூச்சும் எரியும், நோயாளி ஒதுக்கப்பட்டவர்போல் உணர்வார். 2010 இறுதியில் ஹைட்டியில் காலராவைப் பரப்பினார்கள் என்று குற்றம்சாட்டி வோடூ (ஹைட்டியின் நாட்டார் சமயம்) பூசாரிகளைக் கூட்டம் அடித்துக் கொன்றது. வாசலில் நாம் நடந்துகொள்ளும் விதம் அந்தப் பயத்தைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும்.

கேஸ் ஷீட், ஸ்டோர், பயிற்சி

கேஸ் ஷீட் ஒரு பக்கம் போதும்: எடை, வந்த மணி, வறட்சி நிலை, எத்தனையாவது பாட்டில் எந்த மணியில், மலம் எத்தனை லிட்டர், சிறுநீர் வந்ததா, நாடி. கட்டில் காலில் கட்டித் தொங்கவிடுங்கள். மேசையில் வைத்தால் அது டாக்டரின் தாளாகிவிடும், நர்ஸ் எழுத மாட்டார். ஷிஃப்ட் மாறும்போது இருவரும் கட்டில் கட்டிலாக நடந்து ஒப்படைக்க வேண்டும்.

சரக்குக்கு உலக சுகாதார நிறுவனத்தின் பழைய கணக்கு இன்றும் உதவும்: 100 நோயாளிக்கு ஓ.ஆர்.எஸ். 650 பாக்கெட், ரிங்கர் லாக்டேட் 120 லிட்டர். நூற்றில் 20 பேர் தீவிரம் என்ற அனுமானம் அது. படுக்கை முகாமுக்கு வருகிறவர்களில் தீவிரமானவர்களே அதிகம் என்பதால் பாட்டில் இன்னும் வேகமாகத் தீரும். அங்கே ஒரு வாரச் செலவை எண்ணிப் பார்த்து அதன்படி கேளுங்கள்.

வீட்டுக்கு அனுப்ப: வறட்சி இல்லை, தானே குடிக்கிறார், சிறுநீர் போயிருக்கிறார், ஆறு மணி நேரத்தில் மூன்றுக்குக் குறைவாகவே நீர்ப்பேதி. கையில் இரண்டு நாளுக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கொடுத்து, உடனிருப்பவரையே ஒன்று கலக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

பயிற்சியைக் கூட்ட அறையில் நடத்தாதீர்கள். ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் கட்டிலோரம் பதினைந்து நிமிடம், ஒரே விஷயம்: இன்று நாடி, நாளை குழந்தைக்கான பாட்டில் கோடு, மறுநாள் குளோரின். நடத்துகிறவர் உள்ளூர் தலைமை நர்ஸாக இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். அவர் செய்வதில் பிழையிருந்தால் எல்லார் முன்பும் திருத்தாமல், ஷிஃப்ட் முடிந்தபின் தனியாகச் சொல்லுங்கள். துப்புரவாளர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பக்கெட் கோட்டை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

கடைசி இரண்டு வாரம் இரவு ஷிஃப்டிலிருந்து விலகிக்கொள்ளுங்கள், கூப்பிடும் தூரத்தில் மட்டும் இருங்கள். எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று குறித்து வையுங்கள். ஸ்டோர் சாவி இல்லாமல் கூப்பிட்டிருந்தால் சாவியை அவர்களிடம் கொடுங்கள். குழந்தைக்கு நரம்பு கிடைக்காமல் கூப்பிட்டிருந்தால் எலும்பினுள் ஊசி போடக் கற்றுக்கொடுக்க இன்னும் நாள் இருக்கிறது. புறப்படும் வாரம் காலாவதி நெருங்கும் மருந்துகளின் பட்டியலை அமைச்சின் மாவட்ட அலுவலகத்துக்குக் கொடுத்து, அவர்கள் வேண்டுமென்று கையெழுத்திட்டதை மட்டும் விட்டுவிட்டு வாருங்கள்.