ஃபைல் மேனேஜர் ஆப்: நிறுவும் முன் இதைப் பாருங்கள்

ஃபைல் மேனேஜருக்கு நாம் கொடுக்கும் அனுமதி சாதாரணமானதல்ல. ஆண்ட்ராய்டு 11 முதல் 'எல்லா ஃபைல்களுக்குமான அணுகல்' என்று தனியாகவே கேட்கும். கொடுத்துவிட்டால் புகைப்படம், ஆவணம், டவுன்லோடு எல்லாம் அந்த ஆப்பின் கையில். அதனால்தான் மூல நிரல் (ஆப்பை உருவாக்கிய கோட்) யாரும் பார்க்கும்படி வெளிப்படையாக இருக்கும் ஆப்பையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம்.

போனுக்குள் இருப்பதை மட்டும் ஒழுங்குபடுத்த ஃபாசிஃபை ஃபைல் மேனேஜர் போதும். விளம்பரம் இல்லை, இணைய அனுமதியும் கேட்காது. வீட்டுக் கணினியின் பகிர்வு ஃபோல்டரையும் போனிலேயே திறக்க வேண்டுமா? மெட்டீரியல் ஃபைல்ஸ் எடுங்கள். நெட்வொர்க் வழியே வேறு கணினியின் ஃபைல்களைத் திறக்கும் முறைகளான எஸ்எம்பி, எஃப்டிபி, எஸ்எஃப்டிபி மூன்றும் உண்டு. இதற்கு இணைய அனுமதி தேவைப்படுவது அந்த வசதிக்காகத்தான், பயப்பட வேண்டாம்.

இரண்டுமே எஃப்-டிராய்டு என்ற, மூல நிரல் வெளிப்படையான ஆப்களுக்கான தளத்தில் இலவசம். ஒரே ஆப்பை ஓரிடத்தில் நிறுவி, வேறிடத்திலிருந்து அப்டேட் செய்தால் 'ஆப் நிறுவப்படவில்லை' என்று வரலாம். இரண்டு இடங்களிலும் உள்ள பதிப்புகளின் டிஜிட்டல் கையொப்பம் (ஆப்பை வெளியிட்டது யார் என்று காட்டும் அடையாளம்) வேறாக இருப்பதே காரணம். பழையதை நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவுங்கள்.

மற்ற ஆப்கள் தங்கள் ஃபைல்களை வைக்கும் ஆண்ட்ராய்டு/டேட்டா ஃபோல்டர் காலியாகத் தெரிந்தால் ஆப்பைக் குறை சொல்லாதீர்கள், அதை மறைப்பது ஆண்ட்ராய்டேதான். மெமரி கார்டுக்குப் பெரிய வீடியோ பாதியில் நின்றுபோகிறதா? கார்டு ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபியை எட்டும் ஃபைல் அதில் ஏறாது. கார்டுக்கு மாற்றும்போது 'கட்' வேண்டாம்; காப்பி செய்து, திறந்து பார்த்த பிறகு போனில் உள்ள மூல ஃபைலை அழித்துவிடுங்கள்.