தாயிஃபுக்குப் போனால் ஹதா மலையில் ஏறிப் போங்கள்

சவூதியின் ஜித்தாவில் வேலை பார்க்கும் எனக்கு, உம்ராவுக்கு (மக்கா புனிதப் பயணத்துக்கு) வரும் சொந்தக்காரர்களை மலைமேல் இருக்கும் தாயிஃப் ஊருக்கு அழைத்துப் போவது வழக்கமாகிவிட்டது. முதல் தடவை மாமாவையும் மாமியையும் ராத்திரியில் ஸைல் வழியாகக் கூட்டிப் போனேன். காலையில் ஹோட்டல் ஜன்னலைத் திறந்த மாமா, "மலை மலைன்னு சொன்னியே, எங்கப்பா மலை?" என்று கேட்டார். நாங்கள் நின்றிருந்ததே மலைமேல்தான். ஏறியதைக் கண்ணால் பார்க்காததால் அவருக்கு அது தெரியவில்லை.

அதனால் முதல் விஷயம், பகல் வெளிச்சத்தில் ஹதா சாலையில் ஏறுங்கள். மக்காவிலிருந்து தாயிஃபுக்கு இரண்டு வழி. ஸைல் கபீர் வழி கொஞ்சம் சுற்று, ஏற்றம் குறைவு, லாரிகள் அதில்தான் போகும். ஹதா வழி மலைச்சுவரில் வளைந்து வளைந்து ஏறும். முஸ்லிம் அல்லாத நண்பர்கள் வண்டியில் இருந்தால் மக்காவின் ஹரம் (புனிதப் பகுதி) எல்லைக்குள் நுழையாமல் வெளியே சுற்றிப் போகும் சாலையில் பிரிந்துகொள்ளுங்கள். பலகை முன்கூட்டியே வைத்திருப்பார்கள். மழை அறிவிப்பு இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பாறை சரியும் பயத்தில் ஹதா சாலையை மூடிவிடுவார்கள்.

ஏறும்போது ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்குங்கள். இந்த ஊரின் பூகோளம் முழுக்க அந்தக் காற்றில் இருக்கிறது. மக்கா கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர்தான், தாயிஃபோ 1,700 மீட்டருக்கும் மேலே. சரவாத் மலைத்தொடர் செங்கடல் பக்கம் சுவர் மாதிரி எழும்பி, கிழக்கே மெல்லச் சரிகிறது. அந்தச் சுவரின் விளிம்பைத் தாண்டியதும் தாயிஃப். இந்தத் தார்ச்சாலை 1960களில் வந்தது. அதற்கு முன்னால் ஒட்டகக்காரர்கள் பயன்படுத்திய கல் பதித்த பாதை இன்னும் மலைச்சரிவில் இருக்கிறது. ஓரிடத்தில் நிறுத்தி அதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அங்கே குரங்குகள் வண்டியைச் சுற்றி வரும். பிஸ்கட் போடாதீர்கள், அதற்கு அபராதமும் உண்டு.

ஊருக்குள் வந்ததும் எல்லோரும் கடைத்தெருவுக்கு ஓடுவார்கள். நான் முதலில் மஸ்னா பகுதிக்குத்தான் போவேன். நபி (ஸல்) அவர்கள் சுமார் 619இல் மக்காவிலிருந்து இங்கே வந்தார்கள். ஸகீஃப் குலத்தார் கல்லால் அடித்துத் துரத்தியபோது ஒரு தோட்டத்தில் ஒதுங்கினார்கள். அங்கே வேலை செய்த அத்தாஸ் என்ற கிறிஸ்தவர் திராட்சைக் குலையைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் பெயரில் சிறிய பள்ளிவாசல் இருக்கிறது. சத்தம் போடாமல் கொஞ்ச நேரம் உட்காருங்கள். அந்தத் தோட்டம் மக்காவாசிகளான உத்பா, ஷைபா சகோதரர்களுடையது. மக்காவில் திராட்சை விளையாது, அங்கே பணம் இருந்தவர்கள் இந்தக் குளிரில் நிலம் வாங்கி வைத்தார்கள். மலையும் வரலாறும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது.

அப்புறம் அப்துல்லாஹ் இப்னு அப்பாஸ் பள்ளி. நபியின் சிறிய தந்தை மகனும் குர்ஆன் விளக்கத்தில் பெரும் அறிஞருமான அவர் 687 வாக்கில் இந்த ஊரில்தான் மறைந்தார். இந்த ஊரைச் சுற்றி மதில் இருந்தது. 630இல் முஸ்லிம் படை முற்றுகையிட்டும் மதிலைத் தாண்ட முடியாமல் திரும்பியது. அடுத்த வருடம் ஊர்க்காரர்களே இஸ்லாத்துக்கு வந்தார்கள். மதில் இப்போது இல்லை.

நேரம் இருந்தால் ஷுப்ரா மாளிகை. மன்னர்கள் கோடையில் இங்கே குடிபெயர்ந்ததால் அரசு வேலையும் கூடவே மலையேறியது. லெபனான் உள்நாட்டுப் போரை முடிக்க 1989இல் அந்நாட்டு எம்.பி.க்கள் கூடிக் கையெழுத்திட்டதும் இந்த ஊரில்தான். ஊருக்கு வெளியே ஸைஸத் பூங்கா பக்கம் கலீஃபா முஆவியா காலத்து அணை இருக்கிறது. ஹிஜ்ரி 58இல் (சுமார் கி.பி. 678) கட்டியதாகப் பாறையிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். எழுத்துக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், தொடாதீர்கள்.

ரோஜா பார்க்க வேண்டுமானால் மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரலுக்குள் வாருங்கள். விடியும் முன்பே பூப் பறிப்பார்கள், வெயில் ஏறினால் மணம் போய்விடும். ஹதாவிலும் பக்கத்து மலைப்பகுதியான ஷஃபாவிலும் சில பண்ணைகளில் செம்புப் பாத்திரத்தில் பூவை வேகவைத்து ஆவியைக் குளிரச்செய்து அத்தர் இறக்குவதைக் காட்டுவார்கள். ஒரு தோலா (சுமார் 12 கிராம்) அத்தருக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பூக்கள் வேண்டும். ஆகவே மலிவாக யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். காசு குறைவாக இருந்தால் பன்னீர் வாங்குங்கள், அதுவும் அருமை. மாமி வாங்கிய பாட்டிலை ஒரு வருடம் வைத்திருந்தார். ஏப்ரலிலும் ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது உம்ரா நிய்யத் (எண்ணம்) இருந்தால் ஹதா வழியில் வாதி மஹ்ரம் என்ற இடத்திலேயே இஹ்ராம் (உம்ராவுக்கான நிலையும் உடையும்) கட்டிவிடுங்கள். ஸைல் வழியானால் கர்னுல் மனாஸில் என்ற இடத்தில் கட்டுங்கள். அதைத் தாண்டிவிட்டு ஞாபகம் வந்தால் மறுபடி மலையேற வேண்டியிருக்கும். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் சின்ன கியரில் இறங்குங்கள். காது அடைத்தால் எச்சிலை விழுங்கினால் சரியாகிவிடும்.