பழைய பெயரில் வந்த புது காரை எப்படிப் பழகுவது, அதில் எப்படி முந்துவது

பத்து வருஷம் ஒரே காரை ஓட்டினேன். டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) இல்லாத பெட்ரோல் இன்ஜின், கையால் மாற்றும் ஐந்து கியர். மூன்றாவது கியருக்கு இறக்கி மிதித்தால் மிதித்த மாத்திரத்தில் இழுக்கும், எவ்வளவு இழுக்கும் என்பது மூளைக்கு முன்னால் என் காலுக்குத் தெரியும். அதை விற்றுவிட்டு, அதே பெயரில் வந்த புது மாடலை வாங்கினேன். வாங்கிய இரண்டாவது வாரம், இருவழிச் சாலையில் ஒரு லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தபோது வழக்கம்போல வெளியே வந்து மிதித்தேன். சத்தம் மட்டும் ஏறியது, வண்டி நகரவே இல்லை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் யோசித்து இரண்டு கியர் இறங்கி, டர்போ சுற்றி எழுந்து, கார் முன்னே பாய்வதற்குள் ஒரு நொடிக்கும் மேல் போய்விட்டது. எதிரே பஸ். பிரேக்கை அழுத்தி, லாரிக்குப் பின்னால் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தேன். லாரியின் பின்கதவில் காய்ந்திருந்த சேறு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அன்றைக்கு வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை. பெயர் ஒன்றுதானே என்று என் கால் பழைய வண்டியை எதிர்பார்த்தது, அவ்வளவுதான். பெயர் மாறாமல் வண்டி மாறியிருக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும், அதை வைத்து எப்படி முந்த வேண்டும் என்று அதற்குப் பிறகு பழகிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர். கார் பிரியர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வந்தே தீரும். 1964-இல் வந்த ஃபோர்டு மஸ்டாங் இரண்டு கதவு, பின்சக்கர இழுவை என்று மனதில் பதிந்த வண்டி. 2019-இல் அந்தப் பெயரை மாக்-ஈ என்ற மின்சார கிராஸ்ஓவரின் (கார் போலக் கட்டி உயரமாக நிற்கும் வண்டி) தலையில் வைத்ததும் பலருக்குக் கோபம் வந்தது. மிட்சுபிஷி எக்லிப்ஸ் இரண்டு கதவுள்ள தாழ்ந்த கூப்பேயாக இருந்தது, 2017-இல் எக்லிப்ஸ் கிராஸ் என்று உயர்ந்த குடும்ப வண்டியாகத் திரும்பி வந்தது. 1986-இல் நின்றுபோன ஃபோர்டு கேப்ரி 2024-இல் வந்தபோது, ஃபோக்ஸ்வாகனின் மின்சாரத் தளத்தில் நான்கு கதவுகளோடு நின்றது. "பேரைக் கெடுத்துட்டாங்க" என்று ஒரு கூட்டம், "பெயர் கம்பெனிக்குச் சொந்தம், உனக்கென்ன" என்று இன்னொரு கூட்டம்.

என்னைக் கேட்டால் பெயரைத் திரும்ப எடுப்பது தப்பே இல்லை. அந்தப் பெயர் எந்தக் குணத்துக்காக நினைவில் நின்றதோ அந்தக் குணம் உள்ளே இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இதற்கு ஃபோர்டு பிரான்கோ, செவர்லே பிளேஸர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுமே 1960-களில் கரடுமுரடான பாதைக்காகப் பிறந்தவை. பிரான்கோ 2021 மாடலாகத் திரும்பியபோது லேடர் ஃப்ரேமும் (உடம்பைத் தாங்கும் ஏணி போன்ற தனிச் சட்டம்) நான்கு சக்கர இழுவையும் அப்படியே கூட வந்தன. அதற்குச் சற்று முன்னால் 2019 மாடலாக வந்த பிளேஸரோ தார்ச்சாலைக்கான கிராஸ்ஓவர். நல்ல வண்டியாகவே இருக்கட்டும், பழைய பிளேஸர் போன இடத்துக்கு அதை நம்பி எடுத்துப் போக முடியாது. டொயோட்டா சுப்ரா விஷயத்தில் நான் "பேரைக் கெடுத்துட்டாங்க" கூட்டத்தோடு சேர மாட்டேன். 2019-இல் வந்தது பி.எம்.டபிள்யூ-வோடு சேர்ந்து செய்தது, இன்ஜினும் அவர்களுடையதுதான். ஆனாலும் ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில், இழுவை பின்சக்கரத்தில், அதாவது சுப்ரா என்றால் எதை எதிர்பார்ப்போமோ அது இருக்கிறது. டாடா சஃபாரி வேறு கதை. 1998-இல் வந்தது லேடர் ஃப்ரேம், பின்சக்கர இழுவை, 2021-இல் வந்தது மோனோகாக் உடம்பு (தனிச் சட்டம் இல்லாமல் உடம்பே சட்டமானது), முன்சக்கர இழுவை. குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போக இரண்டாவதுதான் எனக்குப் பிடிக்கும். ஆனால் முதலாவதை ஓட்டிப் பழகியவர் இரண்டாவதில் ஏறி அதே பழக்கத்தோடு மண்பாதையில் இறங்கினால் மாட்டிக்கொள்வார்.

சரி, பெயரை ஒதுக்கிவிட்டு என்ன பார்ப்பது? விளம்பரத்தில் குதிரைத்திறனைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள். எடையை எங்காவது கடைசிப் பக்கத்தில்தான் தேட வேண்டும். அதைத் தேடி எடுங்கள். பழைய வண்டி 1,000 கிலோ, 100 குதிரைத்திறன் என்று வைத்துக்கொள்வோம். அதே பெயரில் புதியது 1,400 கிலோ, 120 குதிரைத்திறன். கேட்க 20 கூடிவிட்டது போலத் தோன்றும். டன்னுக்கு எவ்வளவு என்று வகுத்தால் பழையது 100, புதியது 86. ஆட்களும் பெட்டிகளுமாக 300 கிலோ ஏற்றினால் புதியது 71-க்கு இறங்கிவிடும். டர்போ வண்டியில் டார்க் (சுழற்றி இழுக்கும் விசை) இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே கிடைப்பதால் உண்மையான ஓட்டத்தில் வித்தியாசம் இவ்வளவு தெரியாது. அப்படியிருந்தும், ஆள் ஏறாத ஷோரூம் வண்டியை மட்டும் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

டெஸ்ட் டிரைவில் பெரும்பாலானவர்கள் நின்ற இடத்திலிருந்து விருட்டென்று கிளப்பிப் பார்க்கிறார்கள். முந்துவதற்கு அது பயன்படாது, நாம் யாரும் நின்றுகொண்டிருக்கும்போது முந்துவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி 60-இலிருந்து 90-ஐத் தொட எத்தனை நொடி எடுக்கிறது என்று பாருங்கள். நேரான, காலியான, அந்த வேகத்துக்கு அனுமதி உள்ள சாலையாக இருக்கட்டும், ஏ.சி. ஓடட்டும், முடிந்தால் இரண்டு மூன்று பேரை ஏற்றிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர் எண்ணட்டும். அதைவிட முக்கியமாக, நீங்கள் மிதித்த கணத்துக்கும் வண்டி நகரும் கணத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம் போகிறது என்பதை முதுகால் உணர்ந்து பாருங்கள். சீட் உங்களைத் தள்ளும்போதுதான் வண்டி உண்மையில் கிளம்பியிருக்கிறது. ஸ்போர்ட் மோடில் ஒரு முறை, சாதாரண மோடில் ஒரு முறை, கியரைக் கையால் இறக்கி ஒரு முறை என்று மாற்றி மாற்றிச் செய்தால் உங்கள் வண்டிக்கு எது ஒத்துவரும் என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். சி.வி.டி. பெட்டியாக (தனித்தனி கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) இருந்தால் சத்தம் முதலில் வரும், வேகம் பின்னால் வரும், அந்தச் சத்தத்தை நம்பி வெளியே வராதீர்கள்.

மின்சாரக் காரில் தப்பு தலைகீழாக நடக்கும். மிதித்ததும் பாய்ந்துவிடும், சத்தமும் கிடையாது, அதனால் எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்பதே உறைக்காது. லாரியைத் தாண்டிய வேகத்தில் அதற்கு முன்னால் போகும் வண்டியின் முதுகில் போய் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேகம் ஏற ஏற அந்தப் பாய்ச்சல் குறையும் என்பதும் நினைவிருக்கட்டும், 40-இல் கிடைக்கும் தள்ளல் 100-இல் கிடைக்காது.

இப்போது முந்துவதற்கு வருவோம். இருவழிச் சாலையைத்தான் சொல்கிறேன், எதிர் வரிசைக்குள் நுழைந்து திரும்ப வேண்டிய சாலை.

நான் பார்க்கும் மிகக் கெட்ட பழக்கம் முன்னால் போகும் வண்டியின் பம்பரை ஒட்டிக்கொண்டு தலையை மட்டும் நீட்டி நீட்டிப் பார்ப்பது. ஒட்டிப் போனால் சீக்கிரம் முந்தலாம் என்று நினைக்கிறார்கள். லாரியை ஒட்டிப் போனால் லாரிதான் தெரியும். பின்வாங்குங்கள். இரண்டு மூன்று நொடி இடைவெளி விட்டால் லாரியின் இரண்டு பக்கமும் சாலை விரிந்து தெரியும், வளைவில் உட்பக்கமாகவும் எட்டிப் பார்க்கலாம், லாரிக்காரரின் கண்ணாடியில் உங்கள் வண்டி அவருக்கும் தெரியும். இன்னொரு லாபம், உங்கள் வரிசைக்குள்ளேயே வேகம் எடுக்க இடம் கிடைக்கும். வெளியே வந்த பிறகு வேகம் எடுக்கத் தொடங்குவது எதிர்வரிசையில் நின்றுகொண்டு காத்திருப்பதற்குச் சமம்.

கணக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள், அப்புறம் வாழ்நாளுக்கும் மறக்காது. லாரி 60-இல் போகிறது, நீங்கள் 80-இல் முந்துகிறீர்கள். பின்னால் 20 மீட்டர் இடைவெளி, லாரி 12 மீட்டர், தாண்டியதும் முன்னால் விட வேண்டியது 20, உங்கள் கார் 4. ஆக லாரியைவிட 56 மீட்டர் அதிகம் போக வேண்டும். வேக வித்தியாசம் நொடிக்கு ஐந்தரை மீட்டர்தான், அதனால் பத்து நொடி ஆகும். அந்தப் பத்து நொடியில் நீங்கள் ஓடுவது 222 மீட்டர், எதிரே 80-இல் வருபவர் ஓடுவதும் 222 மீட்டர். கிட்டத்தட்ட 450 மீட்டர் காலியாக இருந்தால்தான் நீங்கள் உள்ளே நுழையும் கணத்தில் அவர் உங்களைக் கடப்பார், அதற்கு மேல் மிச்சம் வைக்க வேண்டியது தனி. இதையே 90-இல் முந்தினால் ஏழு நொடிக்குள் முடியும், தேவைப்படும் தூரமும் 320 மீட்டர் அளவுக்குக் குறையும். இந்த வித்தியாசம்தான் உங்கள் வண்டியின் பிக்கப். கியர்பாக்ஸ் யோசிக்கும் அந்த ஒரு நொடி? நீங்கள் 60-இலேயே நிற்க, எதிரே 80-இல் ஒருவர் வந்தால், இருவருக்கும் நடுவே 39 மீட்டர் கரைந்துவிடும். மூன்று லாரி நீளம்.

அதனால் கியரை உள்ளே இருக்கும்போதே இறக்குங்கள். கையால் மாற்றும் வண்டியானால் மூன்றாவதோ நான்காவதோ, முந்தி முடியும் வரை நடுவில் மாற்றத் தேவைப்படாத கியராக இருக்கட்டும். ஆட்டோமேட்டிக் என்றால் ஸ்போர்ட் மோடுக்கோ கைக்கட்டுப்பாட்டுக்கோ முன்கூட்டியே கொண்டுவந்து வைத்துவிடுங்கள். கண்ணாடி, இண்டிகேட்டர், தோளுக்கு மேல் ஒரு பார்வை, ஏனென்றால் உங்களுக்குப் பின்னால் வருபவர் ஏற்கனவே உங்களை முந்தத் தொடங்கியிருக்கலாம். உள்ளேயே வேகம் எடுத்து, வெளியே வந்ததும் மறுபடி ஒரு முறை தூரத்தைப் பாருங்கள். இப்போதுதான் முழுச் சாலையும் தெரிகிறது. சந்தேகம் வந்தால் திரும்ப உள்ளே போய்விடலாம், இதில் ஒரு கௌரவக் குறைச்சலும் கிடையாது. லாரியின் பின்சக்கரத்தைத் தாண்டாத வரை பிரேக் உங்களுக்கு உதவும், பாதிக்கு மேல் போய்விட்டால் அநேகமாக மிதிப்பதுதான் வழி. அந்தப் பாதிக்கு முன்னாலேயே முடிவெடுங்கள். உள்ளே வரும்போது, நடுக்கண்ணாடியில் லாரியின் இரண்டு ஹெட்லைட்டும் தெரிந்த பிறகு ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். தெரிவதற்கு முன்னால் திருப்பினால் அவர் பிரேக் அடிக்க வேண்டியிருக்கும்.

முன்னால் ஒருவர் முந்துகிறார் என்று அவர் வாலைப் பிடித்துக்கொண்டு போகவே போகாதீர்கள். அவர் பார்த்தது அவருக்கான இடைவெளி, அவர் உள்ளே நுழைந்ததும் எதிரே வருபவரின் முகத்தில் நிற்பது நீங்கள்தான். லாரிக்காரர் இண்டிகேட்டர் போட்டால் "போ" என்கிறார் என்று எடுத்துக்கொள்வதும் இதே வகை. அவர் நிஜமாகவே திரும்பப் போகிறவராக இருக்கலாம். சாலைச் சந்திப்பு, மேட்டின் முகடு, பாலம், வளைவு, தொடர்கோடு இதையெல்லாம் எல்லோருக்கும் தெரியும், நான் நீட்ட வேண்டாம். பலர் மறப்பது பள்ளம். நேராகத் தெரியும் சாலையில் நடுவே ஒரு தாழ்வு இருந்தால் அதற்குள் ஒரு கார் முழுசாக மறைந்துவிடும். இரவில் எதிரே ஒற்றை விளக்கு தெரிந்தால் பைக் என்று முடிவு கட்டாதீர்கள், ஒரு பல்பு போன காராகவும் இருக்கலாம்.

பல வழிச் சாலையில் பிரச்சினை வேறு. முந்தும் லேனில் 80-இல் சாவகாசமாகப் போய்க்கொண்டிருப்பவரும் தப்பு, அவர் பின்னால் ஒட்டிக்கொண்டு ஹெட்லைட்டை அடித்துக்கொண்டே இருப்பவரும் தப்பு. ஜெர்மனியில் (அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும்) ஆட்டோபான் என்ற அதிவேக நெடுஞ்சாலையில் வேகமாகப் போக முடிவதற்கு ஒரு காரணம், முந்தி முடித்ததும் வலப்பக்கம் திரும்பிவிட வேண்டும் என்பதும், சாதாரணமாக வலப்பக்கமாக முந்தக் கூடாது என்பதும் அங்கே சட்டம். முன்னால் இருப்பவர் எந்தப் பக்கம் நகர்வார் என்று பின்னால் இருப்பவருக்குத் தெரிகிறது. முந்தியாகிவிட்டதா, விலகுங்கள். முன்னால் போகிறவர் விலகவில்லையா, இடைவெளி விட்டு ஒரே ஒரு முறை விளக்கடித்துக் காத்திருங்கள்.

கடைசியாக, உங்களை ஒருவர் முந்தும்போது. ஏனோ பலருக்கு அப்போதுதான் கால் கனக்கிறது, பக்கத்தில் ஒரு வண்டி வந்தவுடன் தெரியாமலே வேகம் கூடுகிறது. 1968 வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 11-ஆவது பிரிவிலேயே இது இருக்கிறது, முந்தப்படுபவர் ஓரமாகப் போக வேண்டும், வேகத்தைக் கூட்டக் கூடாது. காலை லேசாக எடுங்கள், அவருக்கு இரண்டு நொடி மிச்சமாகும். அவர் இடம் பத்தாமல் தடுமாறினால், பின்னால் வருபவரைப் பார்த்துக்கொண்டு பிரேக்கைத் தொட்டு முன்னால் வழி விடுங்கள். அவர் பின்வாங்குகிறார் என்றால் பின்னால் இருக்கும் இடத்தை யாரும் நிரப்பாமல் இருக்க வேண்டும். அன்று நான் பிரேக் அடித்துத் திரும்பியபோது, எனக்குப் பின்னால் வந்த வெள்ளைக் கார் நான் விட்டுவந்த இடத்துக்குள் ஏறாமல் தள்ளியே வந்துகொண்டிருந்தது. உள்ளே நுழைந்து மூச்சு விட்ட பிறகு கண்ணாடியில் பார்த்தேன், அந்தக் காரின் இரண்டு ஹெட்லைட்டும் தெரிகிற அளவுக்குத் தூரத்தில் இருந்தது.